விசிலக்கா – 11: காலடி மட்டும் மங்கும்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தெரு பேசி முடித்துவிட்டது. வீடுதான் இன்னும் முடிக்கவில்லை.

விசிலக்கா கால்பந்து நடுவர். இருபது வருஷமாக மைதானத்தில் ஊதி ஊதி, சொந்தப் பெயரே அவளுக்கு மறந்து போயிருந்தது. ஒரு வருஷமாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை கை நீளம் போதவில்லை. இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே விசிலை ஊதிவிட்டாள்.

லீக் செயலாளர் மைதானத்திலேயே சொன்னார்: "இனிமே கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா ஓடுங்கம்மா. விசிலை வேற யாருக்காவது குடுப்போம்."

"கண்ணாடி போட்டுக்கிட்டு வரேன் சார்."

"கண்ணாடி போட்ட நடுவரா? நடுவருக்குக் கண்ணு தெரியலன்னுதானே அவனுங்க தினமும் கத்தறானுங்க? நீங்களே சாட்சி கொண்டு வரீங்களே!"

"கத்தட்டும். கத்தாத நாள் எது?"

அப்படிச் சொல்லிவிட்டு வந்தவளிடம் விசில் தானாகத் திரும்பி வந்தது. இன்று அரையிறுதி. ஊத வேண்டியவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

அதிலும் ஒரு சிக்கல். ஆடப்போகும் அணிகளில் ஒன்றில் கோல் போடுகிறவன் நாத்தனாரின் மகன். நெட்டை, ஒல்லி, துள்ளல். எல்லோருக்கும் அவன் வெட்டுக்கிளி. சொந்தக்காரப் பையன் ஆடுகிறான், வேறு ஆளைப் பாருங்கள் என்று விசிலக்காவே கேட்டுப் பார்த்தாள்.

"ஆள் இருந்தா உங்ககிட்ட ஏன் வரேன்?" என்றுவிட்டார் செயலாளர்.

*

காலையில் கடை திறக்கும்போதே அவள் போய் நின்றாள். கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. கூடவே கணவரும் வந்திருந்தார். தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பது அவர் தொழில். வாயைத் திறந்தால் கேலி.

கடை கொழுந்தனுடையது. முன்னால் கண்ணாடிக் கடை, பின்னால் லென்ஸ் அரைக்கும் பட்டறை. அண்ணன் எவ்வளவு பேசுவாரோ, தம்பி அவ்வளவு பேசாதவன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான், அதாவது வெட்டுக்கிளியின் அம்மா. நாற்பது வயதாகியும் அக்கா இருமினால் எழுந்து நிற்பான்.

"ரெண்டு கண்ணாடியா வெச்சுக்கலாம் அண்ணி. ஒண்ணு தூரத்துக்கு, ஒண்ணு படிக்க."

"பந்து வர்றப்போ கொஞ்சம் இருப்பான்னு சொல்லிட்டு மாத்திக்கவா?"

"கோடு போட்ட பைஃபோகல் இருக்கு."

"அதுல?"

"கோட்டைத் தாண்டும்போது பாக்கற பொருள் ஒரு எகிறு எகிறும்."

"பந்து எகிறினாப் போதும். படம் எகிற வேண்டாம்."

கொழுந்தன் சிரித்தான். ஒரு புரோகிரசிவ் லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். கோடு எதுவும் இல்லை. சாதாரணக் கண்ணாடி போலத்தான் இருந்தது.

"மேல தூரம். நடுவுல கை நீட்டற தூரம். கீழ படிக்கறதுக்கு. ஒண்ணுல இருந்து ஒண்ணு வழுக்கிக்கிட்டே போகும். ஆனா ரெண்டு ஓரமும் நெளியும். ஓரக்கண்ணால பாத்தா கோல் கம்பம் வளைஞ்சு தெரியும். அதனால கண்ணை ஓட்டாதீங்க. எதைப் பாக்கணுமோ அங்க மூஞ்சியைத் திருப்புங்க."

"அது அவளுக்குப் பழக்கம்தான்டா," என்றார் கணவர். "கல்யாணமானதுல இருந்து என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தானே இருக்கா!"

விசிலக்கா அவரைப் பார்க்கவே இல்லை. அவர் சொன்னது சரியென்று ஆகிவிட்டது.

அடுத்து எதில் செய்வது என்ற பேச்சு வந்தது. கொழுந்தன் மூன்று லென்ஸ்களை வெல்வெட் துணியின் மேல் வைத்தான்.

"இது அசல் கண்ணாடி. கீறல் விழாது, பளிங்கு மாதிரி இருக்கும். ஆனா கனம். பந்து பட்டு உடைஞ்சா சில்லு கண்ணுக்குள்ளதான் போகும். இது பிளாஸ்டிக். லேசு, தெளிவு, ஆபீஸ்காரங்க எல்லாரும் இதைத்தான் போடறாங்க. ஆனா பலமா அடிபட்டா விரிசல் விடும். இது பாலிகார்பனேட். சுத்தியால தட்டினாலும் சட்டுனு உடையாது. ஆனா சீக்கிரம் கீறல் விழும். மேல பூச்சு போட்டாலும் விழும். ஓரத்துல லேசா ஒரு நிறம் தெரியும்."

"என்ன நிறம்?"

"வெள்ளைக் கம்பத்துக்குப் பக்கத்துல நீலமா, மஞ்சளா ஒரு நூல் மாதிரி."

"கம்பம் எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். அதுக்குப் புடவை கட்டினா என்ன, கட்டலைன்னா என்ன? இதையே போடு."

"கீறல் அண்ணி..."

"என் முழங்கால்ல இல்லாத கீறலா?"

அதற்குள் கணவர் அலமாரியிலிருந்து ஒரு ஒல்லியான ஃபிரேமை எடுத்து வந்திருந்தார். "இதைப் போட்டுப் பாரு. பத்து வயசு குறையும்."

"அது ஆகாதுண்ணா," என்றான் தம்பி. "உயரமே இல்ல. தூரம், நடு, கிட்டம் மூணும் அதுக்குள்ள எப்படி அடங்கும்? கீழ் பாகத்தை வெட்டித்தான் எறியணும்."

உயரமான, மூக்கில் ரப்பர் பிடி வைத்த, பின்னால் பட்டை மாட்டக்கூடிய ஃபிரேம் ஒன்றை விசிலக்காவே எடுத்தாள். அழகில்லை. தலையை உலுக்கிப் பார்த்தாள். நகரவில்லை.

கண்மணி எங்கே வருகிறது என்று புள்ளி வைக்க, கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க அண்ணி."

"நான் உக்காந்துக்கிட்டா ஊதறேன்?"

நின்றாள். மைதானத்தில் நிற்பதுபோலவே, ஒரு காலை முன்னால் வைத்து, தாடையை லேசாகத் தூக்கி நின்றாள். அவன் ஸ்டூலில் ஏறி, அவள் கண்ணுக்கு நேராக வந்து, பேனாவால் இரண்டு புள்ளி வைத்தான்.

"எனக்குக் கதைப் புத்தகம் படிக்க வேண்டாம்," என்றாள் அவள். "மணியும், அட்டையில எழுதற நம்பரும் தெரிஞ்சாப் போதும்."

"அப்போ மேல அகலமா தூரத்துக்கே விட்டுடறேன். கீழ கடைசியில ஒரு சின்ன ஜன்னல் மட்டும். வீட்ல பேப்பர் படிக்க இது சுகப்படாது."

"பேப்பரை உங்க அண்ணன் படிச்சுச் சொல்லுவாரு. இல்லாததையும் சேர்த்தே சொல்லுவாரு."

கொழுந்தன் பேனாவை மூடினான். சொல்லலாமா வேண்டாமா என்று நின்று, பிறகு சொன்னான்: "ஒண்ணு இருக்கு அண்ணி. மொத நாளே இதைப் போட்டுக்கிட்டு யாரும் ஓட மாட்டாங்க. ஒரு வாரமாவது பழகணும். கண்ணைத் தாழ்த்திப் பாத்தா காலடி மங்கும். படி இறங்கும்போது தடுக்கும்."

"காலடி மங்குமா?" கணவரின் காது நீண்டது. "அப்போ கீழ ஒண்ணுமே தெரியாதா?"

பதில் சொல்வதற்குள் வேறொரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். கொழுந்தன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"மதியத்துக்குள்ள அரைச்சுடு," என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள் விசிலக்கா. "சாயங்காலம் ஆட்டம்."

கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். அங்கே குழாய் ஒன்று காலையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

*

மதியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் கால் வைத்தபோது படி மேலே எழும்பி வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தெருவின் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடியது.

"கழட்டிடட்டுமா அண்ணி?" கொழுந்தன் பதறி வந்தான்.

"போ உள்ள."

வீடு வரை நடந்தாள். வழியில் இருந்த ஒவ்வொரு நடைபாதை ஓரத்திலும் ஏறி இறங்கினாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தலையை முழுதாகக் குனிந்தால் படி தெரிந்தது. கண்ணை மட்டும் தாழ்த்தினால் மங்கியது. சரி, தலையைக் குனிவோம். அது ஒன்றும் தோல்வி இல்லை.

மைதானத்தில் அவள் நுழைந்ததுமே கூட்டம் ஆரம்பித்துவிட்டது.

"டீச்சர் வந்தாச்சு! வீட்டுப்பாடம் எடுத்து வைங்கடா!"

"அக்கா, பந்து வட்டமா இருக்கா, சதுரமா இருக்கா?"

நடுவட்டத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. முள்ளும் எண்ணும் அப்படியே தெரிந்தன. கடிகாரக் கண்ணாடிக்குள் பட்டிருந்த ஈரத்துளிகூடத் தெரிந்தது. ஒரு வருஷமாகப் பார்க்காத ஆளைத் தெருவில் பார்த்ததுபோல இருந்தது அவளுக்கு. விசிலை ஊதினாள்.

முதல் பாதியில் ஒருமுறை குழியில் கால் இடறி விழப் பார்த்தாள். கூட்டம் கைதட்டியது. விசில் ஊதிய பிறகு பந்தைத் தூர உதைத்ததற்காக வெட்டுக்கிளிக்கு மஞ்சள் அட்டை காட்டினாள். "என்ன அத்தை..." என்று இழுத்தான். "இங்க அத்தை இல்ல," என்றாள். இடைவேளைக்குச் சரியான நேரத்தில் ஊதினாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

இரண்டாம் பாதி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். வெட்டுக்கிளி பந்தோடு கோல் பகுதிக்குள் நுழைந்தான். எதிரணித் தடுப்பாட்டக்காரன் காலை நீட்டினான்.

முன்பென்றால் ஓடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்திருப்பாள். இப்போது முடியாது. நின்றாள். முகத்தை முழுதாகத் திருப்பினாள்.

நீட்டிய கால் பின்வாங்கியது. இரண்டு கால்களுக்கும் நடுவே புல் தெரிந்தது. வெட்டுக்கிளி ஒரு அடி எடுத்து வைத்து, அதற்குப் பிறகுதான் பறந்தான். விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

"பெனால்டி! பெனால்டி!" மைதானம் எழுந்து நின்றது.

விசிலக்கா அவனிடம் நடந்து போனாள். நடிப்புக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. இரண்டு மஞ்சள், அதனால் சிவப்பு.

வெட்டுக்கிளி வாயைத் திறந்தான், மூடினான். அவன் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அவளுக்கு அது அப்போது புரியவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. பாதி நிறைந்த பாட்டில். வலது கண் மேல் பட்டுத் தெறித்தது. அவள் இரண்டு அடி பின்னால் போனாள். ஃபிரேமைத் தொட்டுப் பார்த்தாள். லென்ஸ் இருந்த இடத்தில் இருந்தது. குறுக்கே ஒரு கீறல். பாட்டிலை எடுத்துக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிமிர்த்தி வைத்தாள். திரும்பி வந்து ஊதினாள்.

பத்துப் பேரோடு ஆடியும் வெட்டுக்கிளியின் அணிதான் கடைசியில் ஜெயித்தது. அடுத்த ஞாயிறு இறுதியாட்டம். பெரிய கிளப் ஒன்றின் பயிற்சியாளர் அவனைப் பார்க்கவென்றே வருகிறார். சிவப்பு அட்டை வாங்கியவன் அதில் ஆட முடியாது.

*

உடை மாற்றும் அறையில் செயலாளர் காத்திருந்தார். குரல் தேனாக இருந்தது.

"அறிக்கையில ஒரே ஒரு வரி சேருங்கம்மா. புதுக் கண்ணாடி, சரியாத் தெரியலன்னு. சிவப்பை ரத்து பண்ணிடலாம். பையனும் ஆடுவான், உங்க வீட்லயும் நிம்மதி."

"தெரிஞ்சுது சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"பாத்ததை யோசிச்சா சொல்லுவாங்க? யோசிச்சா பொய்தான் வரும்."

அவர் தேனைத் துடைத்துவிட்டார். "நாளைக்குக் காலையில விசாரணை. அது முடியற வரைக்கும் உங்களுக்கு விசில் கிடையாது."

"விசாரணை வெய்ங்க சார். வரேன்."

*

வீட்டுக்கு வந்து முகம் கழுவி முடிப்பதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். பின்னால் வெட்டுக்கிளி. அவனுக்கும் பின்னால், கடையைப் பாதியில் மூடிவிட்டு வரவழைக்கப்பட்ட கொழுந்தன். கணவர் சோபாவில் இருந்தார். வழக்கமாக ஆள் வந்தால் முதல் ஜோக் அவருடையது. இன்று பேசவில்லை.

நாத்தனார் உட்காரவில்லை. "என் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே! ஊரான் வீட்டுப் புள்ளன்னாகூட ஒரு இரக்கம் இருந்திருக்கும்."

"ஊரான் வீட்டுப் புள்ளைக்கும் இதேதான் அண்ணி."

"எதைப் பாத்துச் சிவப்பு குடுத்த? காலைலதான் அந்தக் கண்ணாடியை வாங்கின. கீழ மங்கும்னு உன் கொழுந்தனே சொல்லியிருக்கான். டேய், நீ சொல்லு. இன்னைக்கு இவளுக்கு ஒழுங்காத் தெரிஞ்சிருக்குமா?"

கொழுந்தன் எழுந்து நின்றான்.

"சொல்லுடா. சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடு. நாளைக்கு விசாரணையில காட்டறேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு விசிலக்காவின் கண்ணாடியில் இருந்த கீறலைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"மொத நாள் தலை சுத்தும்க்கா. ஓரம் நெளியும். அதெல்லாம் நான் சொன்னதுதான்."

"கேட்டியா!"

"இரு, முடிக்கல." அக்காவிடம் 'இரு' என்று அவன் சொன்னதை அந்த வீடு முதன்முறையாகக் கேட்டது. "காலடி மங்கும்னு நான் சொன்னது அவங்க சொந்தக் காலடி. கண்ணைத் தாழ்த்திப் பாத்தா கீழ் ஜன்னல் வழியாத் தெரியும், அது படிக்கற தூரத்துக்கு வெச்சது, அதான் மங்கும். தள்ளி நிக்கறவன் கால் அந்த வழியா வராது. மேல் வழியாத்தான் தெரியும். அந்த வழி சுத்தமா இருக்கு. நானே அரைச்சேன். என்னால மாத்தி எழுத முடியாதுக்கா."

நாத்தனார் ஒரு அடி பின்வாங்கினாள். தம்பி பேசியதால் அல்ல. தன்னைப் பார்த்துக்கொண்டே பேசியதால்.

அப்போதுதான் வெட்டுக்கிளி தலையை நிமிர்த்தினான். சாயங்காலம் மைதானத்தில் இருந்த அதே ஆச்சரியம் முகத்தில் இருந்தது.

"அப்போ பெரிய மாமா சொன்னது தப்பா?"

எல்லோரும் கணவர் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன சொன்னாரு?" என்றாள் விசிலக்கா.

"காலையில குழாய் சரி பண்ண வந்தப்போ சொன்னாரு. இன்னைக்கு உங்க அத்தைக்கு முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியாதுடா, பெனால்டி பகுதியில சும்மா விழுந்தாலே விசில்தான்னு."

"நீ விழுந்தியா?"

"...விழுந்தேன் அத்தை. யாரும் தொடல."

நாத்தனார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

கணவர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. "விளையாட்டுக்குச் சொன்னேன். இவன் நிஜமா எடுத்துப்பான்னு யாருக்குத் தெரியும்? நான் எதுக்குத்தான் விளையாட்டாப் பேசல?"

விசிலக்கா வலது புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாட்டில் பட்ட இடம் இப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

கூட்டம் கத்தியது அவளுக்கு உறைக்கவில்லை. செயலாளர் மிரட்டியது உறைக்கவில்லை. தன் கண்ணைப் பற்றித் தன் வீட்டில் சொல்லப்பட்ட ஒன்று, தனக்கு முன்னாலேயே மைதானத்துக்குப் போய் நின்றிருக்கிறது. அது உறைத்தது.

"இருபது வருஷமா விளையாட்டுலதான் இருக்கேன்," என்றாள். "ஒரு நாள்கூட அதுல நான் விளையாடினதில்ல. நாளைக்கு விசாரணைக்கு நீங்களும் வாங்க."

"நான் வந்து என்ன சொல்றது?"

"இவன்கிட்ட சொன்னதைத்தான்."

"நாலு பேர் முன்னாடியா?" நாத்தனார் மறுபடி எழுந்தாள். "புள்ள மானத்தோட என் தம்பி மானமும் போகணுமா? அவன் வரமாட்டான்."

"அவரைக் கேட்டேன் அண்ணி."

கணவர் தரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"வரலைன்னாலும் நான் போவேன்," என்றாள் விசிலக்கா. "யாரும் ஒண்ணும் சொல்லலைன்னாலும், எழுதினதை மாத்த மாட்டேன். என் கண்ணுக்கு வீட்ல ஒரு சாட்சி இல்லைன்னா, இல்லாமலே போறேன்."

கொழுந்தன் மெதுவாகக் கையை நீட்டினான். "கண்ணாடியைக் குடுங்க அண்ணி. காலைக்குள்ள வேற லென்ஸ் போட்டுத் தரேன்."

"வேண்டாம். கீறலோடவே போறேன். அவங்களும் பாக்கட்டும்."

அலமாரியைத் திறந்து நடுவர் உடையின் கறுப்புச் சட்டையை எடுத்தாள். மேஜையில் போர்வையை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். தண்ணீர் தெளித்ததும் சட்டையிலிருந்து ஆவி எழுந்தது.

"விசிலே கிடையாதுன்னுட்டாங்களாமே," கணவர் மெல்லக் கேட்டார். "சட்டை எதுக்கு?"

"விசில்தான் கிடையாதுன்னாங்க. சட்டை கிடையாதுன்னு சொல்லல."

காலரை மடித்து அழுத்தினாள். பின்னால் யாரோ எழுந்தார்கள். நாத்தனாரின் குரல் "டேய், செயலாளரைப் பாக்கவா போற? நில்லுடா!" என்றது. வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

அது கணவரா, வெட்டுக்கிளியா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு கை பாக்கி இருந்தது. அதைத் தேய்க்கத் தொடங்கினாள்.